சிறியவள் முன்னே செல்லட்டும்

கோடை விடுமுறை என்றதும் எங்கே செல்வது என்பதே பெரும்பாலான இல்லங்களில் முதற் கேள்வியாக எழுகின்றது. எவ்வாறு செல்வது என்று கேட்போர் சிலரே. இரவெல்லாம் இரயிலில் உறங்கிச் சென்று, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு, மீண்டும் உறங்கியபடியே வீடு திரும்புகின்றோம். இடையிலுள்ள ஊர்களும் ஆறுகளும் நம் பிள்ளைகளுக்குப் பெயரளவிலும் தெரிவதில்லை.

சென்ற கோடையில் எங்கள் இல்லத்தில் இக்கேள்வி சற்றுக் கனமாகவே எழுந்தது. பிள்ளைகளின் தந்தைக்கு வளைகுடா நாடொன்றில் வேலை உறுதியாகியிருந்தது. ஆனி மாதம் புறப்பட வேண்டும். விடுப்பு இரண்டாண்டுகள் கழித்தே. எங்களுக்குப் பன்னிரண்டு, ஒன்பது, ஆறு வயதில் மூன்று மக்கள். அவர் திரும்பி வரும்போது கடைக்குட்டிக்கு எட்டு வயதாகிவிடும். ஆகவே எஞ்சிய நாள்களில் பத்து நாள்களையேனும் விரைவின்றி, ஐவரும் ஒருங்கே கழிப்பதெனத் தீர்மானித்தோம்.

உறவினர் ஒருவரின் வேனை இரவல் பெற்று, நான்கு மிதிவண்டிகளை அதில் ஏற்றி, ஏப்ரல் இறுதியில் கோவையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து வேதாரணியம் வரை செல்வது எங்கள் எண்ணம். 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாக்கிரகத்திற்காக நடந்து சென்ற திசை அது. சுமார் 240 கிலோமீட்டர் தொலைவைத் தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக அவர்கள் நடந்தே கடந்து, ஏப்ரல் 28-இல் வேதாரணியத்தை அடைந்தனர். அவர்கள் பாடிச் செல்வதற்கென்றே நாமக்கல் கவிஞர் பாடல் இயற்றித் தந்தார். நடந்து சென்றவர்களின் வழியைச் சிறார்கள் மிதிவண்டியில் காண்பது பொருத்தமாகத் தோன்றியது.

எங்கள் முறை எளியது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மிதிவண்டிகள் கிளம்பும். எட்டரை மணிக்குள் நிறுத்திவிடுவோம். பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளுடன் மிதித்துச் செல்ல, மற்றவர் வேனை ஓட்டி நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மரநிழலில் தண்ணீருடன் காத்திருப்பார். மறுநாள் இருவரும் முறை மாற்றிக்கொள்வோம். லாரிகள் விரையும் நெடுஞ்சாலைகளில் ஒருவரையும் மிதிக்க விடுவதில்லை. அங்கே எல்லாரும் வேனில்தான். ஆற்றங்கரைச் சாலைகளும் கிராமத்துச் சாலைகளுமே சைக்கிளுக்கு உரியவை.

இவற்றோடு மற்றொரு விதியும் வகுத்தோம். ஆறு வயதுச் சிறுமியே எப்போதும் முன்னே செல்வாள். அவளை ஒருவரும் முந்தக் கூடாது. அவள் களைத்தால் எல்லாரும் நிற்க வேண்டும்.

இவ்விதி மூத்தவனுக்குச் சிறிதும் உவப்பாயில்லை. முதல் நாள் கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி செல்லும் வழியில், "பாப்பா பின்னாலேயே போனால் நாம் என்றைக்கு அம்மா போய்ச் சேர்வது?" என்று முகம் சுளித்தான். அவள் கோடையில் வறண்டு கிடந்த காவிரி மணலைப் பார்க்க நின்றாள், கொக்குக் கூட்டத்தைக் கண்டு நின்றாள், காரணமின்றியும் நின்றாள். "தண்ணீர் எங்கே?" என்று அவள் கேட்க, மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள் என்றும், தொண்டர்கள் நடந்தபோது அந்த அணையே கட்டி முடிந்திருக்கவில்லை, 1934-இல்தான் முடிந்தது என்றும் தந்தை விளக்கினார். வேனில் விரைந்திருந்தால் அக்கேள்வி பிறந்திராது. மறுநாள் ஞாயிறு, பூண்டி மாதா ஆலயத்தில் திருப்பலி கண்டு பயணத்தைத் தொடர்ந்தோம்.

கும்பகோணத்தைக் கடந்தபின் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து இட்டிலிப் பொட்டலங்களைப் பிரித்தபோது, தொண்டர்களுக்கு உணவு கிடைத்த கதையைக் கூறினோம். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்டக் கலெக்டராயிருந்த தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். கொடுத்தவர் இன்னாரென்று தெரியாது, வந்தவர் பசியாறினர்.

பிள்ளைகள் அண்ணாந்து கிளைகளை நோக்கினர். சற்று நேரம் கழித்துக் கடைக்குட்டி தந்தையிடம் கேட்டாள்: "அப்பா, நீங்கள் போகிற ஊரில் உங்களுக்கு யார் மரத்தில் சோறு கட்டுவார்கள்?"

எங்கள் இருவருக்கும் உடனே விடை வரவில்லை. நடுவள்தான், "அப்பாவே சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்" என்றாள். அன்று இரவு முதல் சமையல் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. தங்குமிடத்துத் திண்ணையில் சிறு அடுப்பை மூட்டி, புளியைக் கரைக்கவும் கடுகு தாளிக்கவும் பிள்ளைகள் அவருக்கு ஆணையிட்டனர். முதல் நாள் இரசம் உப்புக் கரித்தது. ஐந்தாம் நாள் பருப்புக் குழம்பை எல்லாரும் மறுமுறை கேட்டு வாங்கி உண்டோம்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒருநாள் காலையிலேயே எதிர்க்காற்று வீசியது. சிறுமி மிதிக்க இயலாமல் கண் கலங்கி நின்றுவிட்டாள். வேன் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவளைத் தூக்கிக்கொள்ள நாங்கள் எண்ணுமுன், மூத்தவன் இறங்கித் தன் வண்டியை ஒரு கையாலும் அவள் வண்டியை மறு கையாலும் உருட்டிக்கொண்டு, "நீ முன்னால் நட பாப்பா, நாங்கள் வருகிறோம்" என்றான். வேனை அடைய அரைமணிக்கு மேலாயிற்று. அதன்பின் அவ்விதியைப் பற்றி அவன் முணுமுணுக்கவில்லை.

வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பளங்களைக் கண்டோம். 1930 ஏப்ரல் 30-இல் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானது இங்கேதான். வெயிலில் வெண்குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன. உழைப்பாளி ஒருவர் ஒரு பிடி உப்பைப் பிள்ளைகளின் கையிலிட்டார். பாத்தியில் பாய்ச்சிய உப்புநீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு விளைகின்றது என்றும், மழை ஒருநாள் பெய்தாலும் உழைப்பு கரைந்துபோம் என்றும் அவர் சொன்னதைப் பிள்ளைகள் வாய் திறவாமல் கேட்டனர். அந்த உப்பில் சிறிதளவை ஒரு காகிதத்தில் மடித்துத் தந்தையின் சட்டைப் பையில் வைத்தாள் சிறுமி.

எங்கள் மிதிவண்டிகள் சென்ற தொலைவு மொத்தமாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எஞ்சியதை வேன் கடந்தது. இத்தகைய பயணம் செய்ய விழையும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிதே. தலைக்கவசமும், காற்றடிக்கும் பம்பும், பங்சர் ஒட்டும் சாமான்களும், தேவைக்கு மிகுதியாகவே தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். சிறுவர் ஒரு நாளில் எவ்வளவு மிதிப்பர் என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிடாதீர்கள். வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்களில் மிகச் சிறியவரை முன்னே விடுங்கள். வலியவர் முன்செல்லும் குடும்பத்தில் பின்தங்குவோர் தனித்துப் போவர்; எளியவர் முன்செல்லும் குடும்பத்தில் ஒருவரும் தனித்துப் போவதில்லை.

பிள்ளைகளின் தந்தை ஆனியில் புறப்பட்டுச் சென்றார். ஞாயிறுதோறும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். சிறுமி கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றே: "இன்றைக்கு என்ன குழம்பு?"