பருத்த தேகமும் வெயிற் சத்தும்

பிள்ளை பருத்திருந்தால் தென்காசியிற் பெற்றோர்க்குப் பெருமை. எங்கள் சித்தியின் மகனுக்குப் பத்து வயது. ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வருவோரில் அவன் கன்னத்தைக் கிள்ளாதவர் சிலரே. அத்தகையவன் சென்ற ஆண்டு, கால் வலிக்கிறதென்று இரவில் அழலானான். இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், வைட்டமின் 'டி' என்னும் உயிர்ச்சத்து மிகக் குறைந்திருப்பதாகக் கூறவே, ஆச்சிக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தின்கிற பிள்ளைக்கா சத்துக் குறைவு?" என்றார்கள்.

ஆச்சியின் வினா நகைக்கத்தக்கதன்று. இச்சத்து பெரும்பாலும் ஆகாரத்தால் வருவதன்று. சூரிய கிரணம் தோலிற் படுவதால் உடலிலேயே உண்டாவது. அன்றியும், கொழுப்பிற் கரையும் இயல்பினது. ஆதலால் பருத்த தேகத்தில் அது கொழுப்பினுள்ளே தங்கி, இரத்தத்தில் அருகிவிடுகின்றது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றில், பருத்தோர்மீதும் மற்றையோர்மீதும் ஒரே அளவு கிரணத்தைச் செலுத்தியபோது, பருத்தோர் இரத்தத்தில் ஏறிய சத்து மற்றையோர்க்கு ஏறியதிற் பாதிக்கும் குறைவாகவே இருந்தது.

வெயிலின் வன்மையை முற்பட உணர்ந்தவருள் ஒருவர் மிஷனெரி வைத்தியர் என்பது நம் கல்லூரியார் அறிந்து மகிழத்தக்கது. ஜப்பானில் ஊழியஞ் செய்த தியோபால்ட் பாம், பல தேசத்து மிஷனெரி வைத்தியர்களிடமிருந்து செய்தி திரட்டி, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வெயில் குன்றிய இடங்களிலேயே மிகுதியென 1890இல் எழுதினார். வைட்டமின் என்ற பெயரே அன்று பிறக்கவில்லை.

அங்ஙனமாயின் தென்காசியில் வெயிலுக்கென்ன பஞ்சம்? ஆனி ஆடியில் மேகம் குற்றாலத்தை மூடுவது மெய்யே. மற்றை மாதங்களிற் கொளுத்துகிறதே! ஆனால் நண்பகலை அடுத்த வெயிலே இதற்கு நன்கு பயன்படுவது. அவ்வேளையில் அவன் வகுப்பறையில் இருக்கிறான். மாலையில் டியூஷன், பின்பு கைப்பேசி. ஐந்தருவியில் நீராடும்போதன்றி அவன் முதுகு வெளிச்சம் கண்டதில்லை. அதுவும் சாரற் காலத்திலே!

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வகுத்த நெறிப்படி, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இக்குறைவு நீங்க நாள்தோறும் 3000 யூனிட் வீதம் 12 வாரம் கொடுத்தல் வேண்டும். பருத்தவர்க்கு இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும் என்றது அமெரிக்க வைத்தியர் குழுவொன்றின் 2011ஆம் ஆண்டு நெறி. ஆயினும் மடங்கைத் தீர்மானிப்பது வைத்தியர் பொறுப்பு; மிஞ்சினால் இரத்தத்திற் சுண்ணாம்புச்சத்து ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கேடும் விளையும். சீக்கிரம் சுகமாகட்டுமென்று இருவேளை கொடுக்க முற்பட்ட ஆச்சியின் கையிலிருந்து சித்தி குப்பியை வாங்கிப் பூட்டிவைத்தார்கள்.

வாரம் பன்னிரண்டும் கழிந்தபின் சோதித்ததிற் சத்து ஏறியிருந்தது, வலியும் தணிந்தது. எடை மட்டும் அப்படியே நின்றது. அதற்கு வைத்தியர் மருந்தொன்றும் எழுதவில்லை. மாலை டியூஷனை நிறுத்திப் பையனை ஓடியாட விடும்படி சொன்னார். அதுபற்றிச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.