மறந்துவிடக்கூடிய பணம்

ஆண்டிறுதியில் 13ஆவது மாதச் சம்பளம், அதைத் தொடர்ந்து போனஸ். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மில் பலர் விடுமுறைப் பயணம், புதுக் கைப்பேசி, கடன்பற்று அட்டைப் பாக்கி எல்லாவற்றையும் இந்த இரண்டையும் நம்பித்தான் கணக்குப் போடுகிறோம். இந்த முறை என் போனஸில் ஒரு பகுதியைப் பங்குகளில் போடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "பங்கையெல்லாம் கையில போட்டுப் பார்க்க முடியுமா? ரெண்டு வளையல் வாங்கிக்கோம்மா" என்றார் அம்மா.

வானொலியில் சந்தை நிலவரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவது என் வழக்கம். ஆனால், நீண்டகால முதலீடு என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது எங்கள் குடும்பத்தின் இரண்டு கதைகளிலிருந்து.

முதல் கதை அம்மாவுடையது. 1993ல் சிங்டெல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, சிங்கப்பூரர்களுக்கு மத்திய சேம நிதி மூலம் சலுகை விலையில் பங்குகள் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்கினார்கள், அம்மாவும் வாங்கினார். இன்றுவரை விற்கவில்லை. இன்றைய விலை என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. லாப ஈவு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. என்னை வளையல் வாங்கச் சொன்னவர் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பங்குதாரர்!

இரண்டாவது கதை சித்தப்பாவுடையது. 2007ல் எல்லாரும் லாபம் பேசிய நேரத்தில், அவர் தம் சேமிப்பு முழுவதையும் பங்குகளில் போட்டார். அந்த அக்டோபரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 3,800 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. 2009 மார்ச்சில் அது 1,500க்கும் கீழே வந்தது. அந்த நேரம் பார்த்து அவருக்கு வேலையும் போனது. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று செலவுகள் காத்திருக்கவில்லை. கிடைத்த விலைக்கு எல்லாவற்றையும் விற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் குறியீடு 2,800ஐத் தாண்டிவிட்டது.

அம்மாவுக்குப் பொறுமை அதிகம், சித்தப்பாவுக்குக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை, சித்தப்பாவுக்குத் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2007ன் உச்சத்தைக் குறியீடு மீண்டும் எட்ட 17 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அந்த இடைவெளியில் முதலீட்டாளர்களுக்குக் கைகொடுத்தது லாப ஈவுதான். அதனால் முழுத்தொகையையும் ஒரே நாளில் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

என் கணக்கு இப்படி. போனஸிலிருந்தும் என் பங்காக 20 விழுக்காடு மத்திய சேம நிதிக்குப் போய்விடும். மிஞ்சுவதில் முதலில் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரங்களில் போடுகிறேன். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். எந்த மாதமும் முதலுக்கு நட்டமில்லாமல் மீட்டுக்கொள்ளலாம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் வரக்கூடிய பெரிய செலவுகளுக்கும் தனியே ஒதுக்குகிறேன். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் பங்குச் சந்தைக்கு. அதையும் நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறியீட்டின் 30 நிறுவனங்களையும் பின்பற்றும் ஈடிஎஃப் ஒன்றில் போடுகிறேன். அதில் ஏறக்குறைய பாதி நம் மூன்று உள்ளூர் வங்கிகள்தான் என்பதையும் தெரிந்துகொண்டே போடுகிறேன்.

எல்லாம் கழித்துப் பார்த்தால், பங்குக்கு மிஞ்சிய தொகை பெரிதில்லை. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஆனால் என் வேலையே போனாலும் அந்தப் பணத்தில் கைவைக்க வேண்டியிருக்காது.

அடுத்த போனஸ் வரும்போது எந்தப் பங்கை வாங்கலாம் என்று ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள். அதற்கு முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுப்பாருங்கள். இந்தப் பணத்தைப் பத்தாண்டுகள் தொடாமல் என் குடும்பம் நடக்குமா? நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற தொகை 500 வெள்ளிதான் என்றாலும், அதிலிருந்தே தொடங்கலாம்.