அப்பத்தா காலில் இருந்த வடு

சிவகங்கை
12.1.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

பொங்கலுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாய். நேரில் பேச நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் போன மாதம் 29-ம் தேதி இறந்துபோனார். 100 வயது. வியாழக்கிழமை சொந்த ஊரான பிளெயின்ஸில், மனைவி ரோசலின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கு அப்பத்தா ஞாபகமாகவே இருக்கிறது.

அப்பத்தாவின் கணுக்காலுக்கு மேலே புளியங்கொட்டை அளவில் பளபளவென்று ஒரு வடு இருக்குமே. கால் பிடித்துவிடும்போதெல்லாம் நீ அதைத் தடவித் தடவிக் கேட்பாய். "நரம்புச் சிலந்தி வந்த இடம்டி" என்பாள். ஊருணித் தண்ணீர் குடித்ததில் வந்தது. ஒரு வருஷம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் காலில் கொப்புளம் கிளம்பி, நெருப்பை வைத்த மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் காலை வைத்தால் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போலப் புழுவின் நுனி எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில்தான் அது தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரை மொண்டு குடிப்பவர்களுக்கு அடுத்த வருஷம் வரும். புழுவை வேப்பங்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அப்பத்தாவுக்கு அறுந்துபோய்ச் சீழ் வைத்துவிட்டது. அந்த வருஷம் நடவுக்குப் போக முடியாமல் கஞ்சிக்கே திண்டாடியதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். உன் மகள் நர்சிங் படிக்கிறாளே, இதை அவள் புத்தகத்தில்தான் பார்த்திருப்பாள். அவளுக்கும் படித்துக் காட்டு.

இந்த நோயை ஒழிக்கப் பாடுபட்டவர்தான் கார்ட்டர். ஆனால் நம் நாட்டில் இதை ஒழித்தவர் அவர் இல்லை. ஊர் ஊராகக் கிணறு கிணறாக அலைந்த நம் சுகாதாரப் பணியாளர்கள்தான். 1996-ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. கார்ட்டர் மல்லுக்கட்டியது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்.

1980 தேர்தலில் ரீகனிடம் தோற்று, 56 வயதில் வீட்டுக்கு வந்தவர். எகிப்தையும் இஸ்ரேலையும் கேம்ப் டேவிட்டில் உட்காரவைத்துப் பேசியதை எல்லாப் பத்திரிகையும் எழுதியிருக்கிறது, அது இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது, ஓட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போன பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை. 1986-ல் அவருடைய கார்ட்டர் மையம் இந்த நோயைக் கையில் எடுத்தபோது வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் பேருக்கு வந்துகொண்டிருந்தது. நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. வடிகட்டத் துணி, குளத்தில் விட மருந்து, புண்ணோடு யாரும் தண்ணீரில் இறங்காமல் காவல். அவ்வளவுதான் ஆயுதம். கானாவில் ஒரு கிராமத்தில், ஒரு பெண் மார்போடு குழந்தையை அணைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கிட்டே போயிருக்கிறார். குழந்தையில்லை. வீங்கிய மார்பு, அதன் முனையில் புழு. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1995-ல் சூடானில் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு தரப்பையும் பேசிச் சரிக்கட்டி, இந்த வேலைக்காகவே ஏறக்குறைய ஆறு மாதம் சண்டையை நிறுத்தவைத்தார். புழுவுக்காக ஒரு போர் நின்றது, தங்கச்சி!

அவருடைய அம்மா லில்லியனும் நர்ஸ்தான். 68 வயதில் பம்பாய்ப் பக்கம் விக்ரோலிக்கு வந்து, ஏழைகளுக்கு மருத்துவ சேவை செய்தார். பிள்ளைக்கு அந்தச் சேவை மனம் அம்மாவிடமிருந்தே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2015-ல் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்தபோது, கடைசி நரம்புச் சிலந்தி தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசை நிறைவேறவில்லை. 2023-ல் உலகம் முழுக்க 14 பேருக்கு வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் நாய்களுக்கும் வருவதால் இன்னும் இழுக்கிறது. இருந்தாலும் 35 லட்சம் எங்கே, 14 எங்கே!

நேற்றுச் சாயங்காலம் நம் ஊருணிக்குப் போயிருந்தேன். பொடியன்கள் இரண்டு பேர் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்புடன்,
அண்ணன்