காம்ப்டி சாலையும் கார்ச் சக்கரமும்

நாகபுரி என்றதும் தெற்கே உள்ள நம் உறவினர்களுக்கு ஆரஞ்சுப் பழம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். இங்கேயே குடியிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வரும் நமக்கோ, இவ்வூர் முதலில் ஒரு நாற்சந்தி. மும்பையிலிருந்து கொல்கத்தா செல்லும் இருப்புப் பாதையும், டில்லியிலிருந்து சென்னை செல்லும் இருப்புப் பாதையும் இங்கே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூரைத் தொட்டே போகிறது. 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றப்படும் வரை 7ஆம் எண் சாலை என்று நாம் சொல்லி வந்த அதே சாலைதான். சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை யாவும் அதன்மேல் இருப்பதால், தெற்கு முகமாக அதில் நின்றாலே நமக்கு ஊர் நினைவு வந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் சென்றது வடக்கு முகமாக. நண்பர் ஒருவரின் தாயார் மதுரையிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அடுத்த வியாழனன்று அம்மூதாட்டியையும் குடும்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு, தம்பி மகள் திருமணத்திற்காக மதுரை செல்வதென நண்பர் தீர்மானித்திருந்தார். அதற்கு முன் ராம்டேக்கைத் தாயாருக்குக் காட்டிவிட வேண்டுமென்பது அவர் ஆசை. நம்மையும் நம் இல்லத்தாரையும் உடன் அழைத்தார்.

வழியில் காம்ப்டி இருக்கிறது. 1821ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமைத்த இந்தப் பாசறையில் சென்னை ராணுவத்தின் படைகள் நெடுங்காலம் தங்கியிருந்தன. நமக்கு வெகுகாலம் முன்பே இப்பக்கம் வந்து வேர்விட்ட தென்னாட்டார் அவர்கள். காம்ப்டியை விட்டதும் கன்ஹான் ஆற்றுப் பாலம். பிறகு மான்ஸர் என்னும் ஊரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், சற்று நேரத்தில் ராம்டேக் குன்று கண்ணில் படும். நாகபுரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்.

இராமபிரான் தங்கிய இடமென்று மக்கள் போற்றும் குன்று இது. காளிதாசனின் மேகதூதத்தில் வரும் இராமகிரி இதுவே என்று கருதுவோர் பலர். அக்கவியின் பெயரால் இங்கே நினைவு மண்டபமும், 1997இல் நிறுவப்பட்ட சமஸ்கிருதப் பல்கலைக்கழகமும் உண்டு. வாகாடகர் காலத்து நரசிம்மர் ஆலயங்கள் இரண்டு இக்குன்றின்மேல் இருக்கின்றன. கருங்குரங்குகள் கையிலுள்ளதைப் பறிக்கும். பிரசாதத்தைப் பையினுள் வைத்திருப்பது நலம். அம்மூதாட்டி நிதானமாகப் படியேறி, தரிசனம் முடித்து, மேலிருந்து ஏரியைப் பார்த்து மகிழ்ந்தார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மெட்ரோ ரயிலின் வடகோடி நிலையமாகிய ஆட்டோமோட்டிவ் சதுக்கத்தை நெருங்குகையில், சைக்கிள்காரர் ஒருவர் திடீரெனக் குறுக்கே வந்தார். நண்பர் இடப்பக்கம் ஒடித்தார். சைக்கிள்காரர் தப்பினார்; காரின் இடது முன்சக்கரம் நடைபாதையின் ஓரக்கல்லில் பலமாக மோதியது. யாருக்கும் காயமில்லை.

இறங்கிப் பார்த்தோம். டயரில் காற்று இருந்தது. எண்ணெய் எதுவும் ஒழுகவில்லை. இரும்பு ரிம்மின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, கார் நேராகச் செல்கையில் ஸ்டியரிங் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உரசும் ஓசையோ, ஸ்டியரிங்கில் இறுக்கமோ இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, இழுவை வண்டியை வரவழைத்திருக்க வேண்டும். அவை இல்லாததால் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வீடு சேர்ந்தோம்.

மறுநாள் காலை நண்பர் சென்ற முதல் கடையில், “அலைன்மெண்ட் செய்தால் ஸ்டியரிங் நேராகிவிடும், அரை மணி வேலை” என்றார்கள். புறப்பட மூன்று நாளே இருந்ததால் அவருக்கும் அது போதுமென்று தோன்றியது. காம்ப்டி சாலையில் பழைய மிஸ்திரி ஒருவர் இருப்பதை நாம் அறிந்திருந்தோம். அவரிடமும் ஒருமுறை காட்டிவிடலாமென்று வற்புறுத்தினோம்.

மிஸ்திரி முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. என்ன வேகம், நேராக மோதியதா, சாய்வாக மோதியதா என்று கேட்டார். பின்னர் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைக்கச் சொல்லி, அளவு நாடாவால் சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளந்தார். வலப்பக்கமும் அவ்வாறே அளந்தார். இடது சக்கரம் அரை அங்குலத்திற்கும் மேலாகப் பின்னே தள்ளியிருந்தது. “பாபுஜி, இது ஸ்டியரிங் கோளாறு மட்டுமில்லை. சக்கரத்தைத் தாங்கும் கையே வளைந்திருக்கிறது” என்றார்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது புதுமையாக இருந்தது. ரயில் வண்டியில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் அழுத்திப் பொருத்தப்பட்டவை; ஒன்று மட்டும் தனியே திரும்பாது. காரின் முன்சக்கரமோ தனித்தனியே நிற்பது. கீழே லோயர் ஆர்ம் என்னும் கை அதைப் பிடித்திருக்கிறது; மேலே ஷாக் அப்சார்பரோடு கூடிய ஸ்ட்ரட் தாங்குகிறது; பக்கத்தில் டை ராடு திருப்புகிறது. ஆதலால் ஓர் அடி விழுந்தால் அந்த ஒரு மூலை மட்டும் கோணலாகிவிடும்.

அடுத்து ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். ரிம்மின் ஓரமாகச் சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். சுண்ணாம்பு ஓரிடத்தில் மட்டும் பட்டது; ரிம் கோணியதற்கு அது சாட்சி. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்தார், ஆட்டமில்லை. ஆகவே பேரிங்கும் பால் ஜாயிண்டும் பழுதில்லை. சுழலும்போது உறுமலும் இல்லை. இடமும் வலமும் பிடித்து அசைத்தபோதும் ஆட்டமில்லை. ஆனால் டை ராடின்மேல் நேரான கம்பியொன்றை வைத்தபோது நடுவே வளைவு தெரிந்தது. ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு இல்லை.

கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். டயரின் உள்பக்கச் சுவரில் நெல்லிக்காய் அளவு ஒரு புடைப்பு! வெளியிலிருந்து பார்த்த நமக்கோ, முதல் கடைக்காரருக்கோ அது தெரிந்திருக்க வழியில்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டயர் நசுங்கும்போது உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளிப் புடைக்கச் செய்யும். அதற்குச் செப்பனிடும் வழியே கிடையாது. வெயிலில் சூடேறி, பாரத்தோடு, நெடுஞ்சாலை வேகத்தில் செல்கையில் எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது. மதுரை சுமார் 1,500 கிலோமீட்டர். நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

வளைந்த கையைச் சூடேற்றி நிமிர்த்தலாமே, செலவு குறையுமே என்று கேட்டோம். மிஸ்திரி மறுத்துவிட்டார். வளைந்து நிமிர்ந்த இரும்பு முன்போல் வலிவாயிராது. அதைத் தட்டி ஒப்பேற்றுவது உயிரோடு விளையாடுவது என்றார். லோயர் ஆர்ம், டை ராடு, டயர் மூன்றையும் புதிதாக வாங்கினோம். பழைய கையைப் புதியதன் பக்கத்தில் வைத்தபோது வளைவு நம் கண்ணுக்கே தெரிந்தது. இரும்பு ரிம்மின் நசுக்கலை அச்சில் ஏற்றி நிமிர்த்தி, மீண்டும் சுழற்றிச் சரிபார்த்தார். அலாய் ரிம்மில் விரிசல் கண்டிருந்தால் அதையும் மாற்றச் சொல்லியிருப்பேன் என்றார்.

இவ்வளவும் முடிந்த பின்னரே அலைன்மெண்ட். இங்கே ஒரு நுட்பத்தைக் கற்றோம். சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவுக்கு டோ என்று பெயர். அதை டை ராடின் மரையைத் திருகிச் சரிசெய்யலாம். நிற்கும் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர்; நண்பரின் கார் போன்ற பல சிறு கார்களில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. புதிய கையைப் பொருத்தியதும் இடது கேம்பர் தானாகவே வலதோடு ஒத்து வந்தது. ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் வளையவில்லை என்பதற்கு அதுவே சான்று. அலைன்மெண்ட் மட்டும் செய்திருந்தால் ஸ்டியரிங் நேராக நின்றிருக்கும். வளைந்த கையும் புடைத்த டயரும் மறைந்தபடியே உடன் சென்றிருக்கும்.

பேலன்சிங் முடித்து, மிஸ்திரியே வண்டியை ஓட்டிப் பார்த்தார். சமமான சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தும் கார் ஒரு பக்கம் இழுக்கவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கமும் இல்லை. மொத்தச் செலவு ரூ. 9,000 சொச்சம். நண்பர் திருமணத்திற்கென்று வைத்திருந்த தொகையிலிருந்து அதைக் கொடுத்தார். தம்பி மகளுக்கு வாங்க நினைத்த பட்டின் விலை சற்றுக் குறைந்தது. தாயார், “புடவையை அப்புறம் வாங்கலாம், பிள்ளைகளை அப்புறம் வாங்க முடியுமா?” என்று முடித்துவிட்டார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பல இப்போது கார் வைத்திருக்கின்றன. கோடை விடுமுறையில் அதிலேயே ஊருக்குச் செல்கின்றன. ஓரக்கல்லிலோ பள்ளத்திலோ மோத நேர்ந்தால், டயரின் உட்புறத்தைக் கழற்றிப் பார்க்காமல் நெடும்பயணம் வேண்டாம். அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் இடமும் வலமும் நீங்களே அளக்கலாம். கோணல் இருப்பின் பாகத்தை மாற்றுவது முதலில், அலைன்மெண்ட் பிறகு. சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில், ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

நண்பர் வியாழன் விடியலில் புறப்பட்டார். ஹிங்கன்காட்டில் நிறுத்தி நட்டுகளைச் சோதித்ததாகத் தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமை மாலை அவர் தாயாரே பேசினார். மதுரை சேர்ந்துவிட்டார்களாம்; பேத்திக்கு ராம்டேக் பிரசாதம் கொடுத்தாயிற்றாம்.