தாய்வீடு தொலைவில் இருக்கையில்

கலியாணமாகி இங்கிலாந்துக்கு வந்த பெண், முதன்முறையாகத் தாயாகப் போகிறாள். ஊரில் இருந்தால் மசக்கைக்கு மாங்காய் நறுக்கித் தர அம்மா, 'மல்லாந்து படுக்காதே' என்று அதட்டப் பாட்டி, துணைக்கு அத்தை, சித்தி எனப் பலர் இருப்பார்கள். இங்கே அத்தனை பேருக்கும் பதிலாக இருப்பவர் கணவர் ஒருவரே. அவரோ இந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் உட்கார்ந்தே பழகாதவர். ஆகவே ஒன்பது மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைக் கணவரும் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். உறவினருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் மிட்வைஃபிடம் மறைக்கக் கூடாது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கி 12 வாரம்வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் கூடுதலாகத் தருவார். இத்துடன் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி தேவை.

10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு முடிந்துவிட வேண்டும். அப்போது எடுக்கும் ரத்தத்தில் தலசீமியாவின் கூறு தெரிந்தால், கணவரின் ரத்தத்தையும் கேட்பார்கள். 'எனக்கு எதற்கு?' என்று தட்டிக் கழிக்கக் கூடாது. இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 21 வாரத்துக்குள் இன்னொன்று. மனைவியுடன் இரண்டு முறை பரிசோதனைக்குப் போக, வேலையிலிருக்கும் கணவருக்கு 2014 முதல் சட்டமே இடம் தருகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான்.

மசக்கை பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள் தணிந்துவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

'இரண்டு பேருக்காகச் சாப்பிடு' என்று ஊரிலிருந்து போனில் சொல்வார்கள். உண்மையில் கடைசி மூன்று மாதங்களில்தான், அதுவும் தினம் 200 கலோரி அளவே கூடுதலாகத் தேவை. நம்மவருக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்வார்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் சமயமும் அதுதான். ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இருப்பதாக முடிவு வந்ததும், வளைகாப்பையே நிறுத்திவிடலாமா என்று அழுதாள். நிறுத்தவில்லை. வளையல் அடுக்கினார்கள், சித்ரான்னத்தில் ஒவ்வொரு கரண்டி, பாயசத்தில் ஒரு வாய் என்று அளவு மட்டும் குறைந்தது.

அதே பெண் 34ஆவது வாரத்தில் ஒரு ராத்திரி, குழந்தை வழக்கம்போல் அசையவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம், அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கணவர் கேட்கவில்லை, உடனே பிரசவ வார்டுக்குப் போன் செய்தார். குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இல்லை. விடிவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, குழந்தை நலமாக வீடு வந்தது.

பிரசவம் நெருங்க நெருங்க அசைவு குறைவது இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் உண்டு. 28 வாரத்துக்குள் அது தாய்க்குப் பிடிபட்டுவிடும். அதில் குறைவு கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பிறரைத் தொந்தரவு செய்யலாகாது என்ற நம் பண்பு இந்த ஓர் இடத்தில் மட்டும் உதவாது. பத்து முறை போன் செய்து பத்து முறையும் ஒன்றுமில்லை என்றாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

பாட்டி சொன்னதில் ஒன்றை இன்றைய வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு.

கோயிலில் கர்ப்பிணியைக் காணும் மூத்த பெண்மணிகள், தங்கள் பிரசவக் கஷ்டங்களைச் சொல்லிப் பயமுறுத்தாமல், ஒரு நாள் ரசமும் கீரையும் செய்து கொடுத்தால் அதுவே பெரிய உதவி. கணவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சமையலறையில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில், பிரசவ வார்டின் டெலிபோன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி இன்றே ஒட்டிவிடட்டும்.