சுக்கும் சிஸ்பிளாட்டினும்

குமட்டல் என்ற சொல்லை அதுவரை நாங்கள் மலைப்பாதைப் பேருந்துகளோடும் மசக்கைக்காரிகளோடும் மட்டுமே சேர்த்து வைத்திருந்தோம். அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியாகி, கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றத் தொடங்கிய பிறகே அச்சொல்லின் முழுப்பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாந்தி வந்தால் சற்று நேரம் அடங்கும். குமட்டல் அடங்காது, நாவின் அடியில் உப்புநீராக ஊறிக்கொண்டே இருக்கும். தாளிக்கும் வாசனை, சோறு வடிக்கும் ஆவி, எங்கள் தலையெண்ணெய் யாவுமே அவளுக்குப் பகையாயின.

சிஸ்பிளாட்டின், பிளாட்டினம் என்ற உலோகத்தை உள்ளடக்கிய மருந்து. 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குமட்டலை மிகக் கடுமையாக எழுப்பும் மருந்துகளில் ஒன்று. குடலின் உட்சுவர்ச் செல்களிலிருந்து அது செரோடோனினை வெளியேறச் செய்கிறது. வேகஸ் நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்கிறது. அந்த வழியை அடைப்பது ஒண்டான்செட்ரான். மருத்துவர் தந்த மாத்திரைகளால் அம்மாவின் வாந்தி பெருமளவு நின்றது, குமட்டல் மீந்தது. அந்த மிச்சத்தில்தான் கைவைத்தியத்துக்கு இடமிருந்தது.

சுக்கைத் தட்டிக் கொத்தமல்லி விதையோடு கொதிக்கவைத்து, கருப்பட்டி சேர்த்து, நன்றாக ஆறவைத்துத் தருவோம். சூடாகக் கொடுத்தால் ஆவியே பிரட்டும். வாயில் அடக்கிக்கொள்ள ஓர் ஏலக்காய், நாவில் தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய்த் துணுக்கு, கசக்கி முகர எலுமிச்சை இலை. இவற்றுள் ஆய்வின் துணை சற்றேனும் உள்ளது இஞ்சிக்குத்தான். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 576 நோயாளிகளின் தரவுகள் ஆராயப்பட்டன. வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளோடு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்துக்கொண்டவர்களுக்கு, மருந்தேற்றிய முதல்நாள் குமட்டல் குறைந்திருந்தது. 'வழக்கமான மருந்துகளோடு' என்பதுதான் அதில் அடிக்கோடிட வேண்டிய சொல்.

அந்தச் சொல்லைத்தான் எங்கள் மாமா ஏற்க மறுத்தார். "இந்த விஷத்தை விட்டுடு அக்கா, மூலிகையே போதும்" என்று பெயரில்லாத பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். மருத்துவர் மூலிகைக்கு எதிரியல்லர். நம் ஊர்ச் சுடுகாடுகளில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து என்றார் அவர். ஆயினும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வருத்தக்கூடியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொடியை அதன்மேல் ஏற்றலாகாது என்றார். சுக்கையும் அளவோடு கொடுக்கச் சொன்னார். இரத்தத் தட்டுகள் குறைந்தால் நிறுத்திவிடச் சொன்னார்.

முடிவு அம்மாவுடையதாகவே இருந்தது. "தம்பி, வாயைக் கசாயம் பாத்துக்கட்டும். கட்டியை ஊசி பாத்துக்கட்டும்" என்றாள். மாமா அதன்பின் வாதிடவில்லை. மறுவாரம் உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வந்து தந்தார்.

அம்மா பிழைத்தாள். ஆனால் சுக்கு அவளுக்கு இல்லாமற்போயிற்று. இன்றும் அந்த வாசனை எழுந்தால் முகம் வெளிறி எழுந்து போய்விடுகிறாள். இதற்கும் ஆய்வு உண்டு. இலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் வெளியிட்டது அது. சிகிச்சைக்கு முன் புதுவகை ஐஸ்கிரீம் உண்ட குழந்தைகள் பின்னர் அதையே வெறுத்தார்கள். உடல் தான் பட்ட துயரை அப்போது நாவிலிருந்த சுவையின்மேல் எழுதிவிடுகிறது. துணைக்கு வந்த சுக்கும் அந்நாட்களின் வாசனையாகிப் போனது.

இப்போது எங்கள் தெருவில் எவருக்கேனும் இச்சிகிச்சை தொடங்கினால், கசாயத்தின் பக்குவத்துக்கு முன்பே அம்மா சொல்லியனுப்பும் புத்திமதி ஒன்றுண்டு: "ஊசி போடுற அன்னிக்கு, அவளுக்கு ரொம்பப் பிடிச்சதை மட்டும் சமைச்சுடாதீங்க."