எதிரி மன்னன் கைவைக்காத கோயில்!

காஞ்சிபுரம் என்றதும் காமாட்சி அம்மனும் பட்டுப்புடவையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2019-ல் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாட்கள் திரண்ட கூட்டத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆனால், ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கயிலாசநாதர் கோயிலில் அவ்வளவு நெரிசல் இருப்பதில்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய கோயில் அது.

புல்வெளியில் தனியாகப் படுத்திருக்கும் பெரிய நந்தியைத் தாண்டி உள்ளே நுழைந்தால், சுற்றுச்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன சந்நிதிகள். மொத்தம் 58. தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்கள், சோமாஸ்கந்தர், ஆடும் சிவன் என்று கண் போகும் இடமெல்லாம் சிற்பம்தான். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கற்றளி இது. அவன் பட்டத்தரசி ரங்கபதாகையின் பெயரும் முன்வரிசைச் சிறு கோயில் ஒன்றின் கல்வெட்டில் இருக்கிறது.

திருநின்றவூர் பூசலார் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவர் குறித்த அதே நாளில்தான் காஞ்சியில் கும்பாபிஷேகம் நடத்த நினைத்தான் பல்லவ மன்னன். கனவில் வந்த சிவபெருமான், 'நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்' என்று சொல்லிவிட்டாராம். அந்த மன்னன் ராஜசிம்மன், அந்தக் கோயில் இதுதான் என்பார்கள்.

இந்தக் கோயிலுக்கு ஒரு பெரிய ஆபத்தும் வந்தது. 642-ல் ராஜசிம்மனின் முன்னோரான மாமல்லன் நரசிம்மவர்மன், சாளுக்கியர் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றினான். அந்த அவமானத்தைச் சாளுக்கியர் மறக்கவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் புகுந்தான். ஊரும் கோயிலும் அவன் கையில். பழிதீர்க்க இதைவிட வேறு சந்தர்ப்பம் வாய்க்குமா?

ஆனால், நடந்தது வேறு. கோயிலின் செல்வத்தைப் பார்த்த விக்கிரமாதித்தன், அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். இதைச் சொல்லும் அவனுடைய கன்னடக் கல்வெட்டு, இன்றும் இங்கே மண்டபத் தூணில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல்லவர் கோயிலில், பகை மன்னன் வெட்டிய கன்னட எழுத்துகள்! காஞ்சிக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் இந்தத் தூணைத் தவறவிடக் கூடாது.

அதோடு முடியவில்லை. இந்த வெற்றியின் நினைவாக அவன் பட்டத்தரசி லோகமகாதேவி, கர்நாடகாவின் பட்டடக்கல்லில் ஒரு சிவன் கோயில் கட்டினாள். இப்போது விருபாட்சர் கோயில் எனப்படும் அதில், காஞ்சிக் கோயிலின் சாயலைப் பார்க்கலாம்.

படையெடுப்புக்குத் தப்பிய சிற்பங்கள் மழைக்கும் வெயிலுக்கும் தப்பவில்லை. அடிப்பகுதி கருங்கல், மேலே உள்ளது மணற்கல். அது பொடிப்பொடியாக உதிரும். பிற்காலத்தில் பூசிய சுதையில் பல சிற்பங்களின் முகமே மாறிவிட்டது. சிறு சந்நிதிகளின் உட்சுவர்களில் பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டுபிடித்தவை. ஒரு கண், ஒரு தோள், கொஞ்சம் சிவப்பு வண்ணம், அவ்வளவுதான். குழந்தைகளோடு போகிறவர்கள், அவர்கள் சுவரில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவறையில் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம். அதைச் சுற்றிவர ஒரு குறுகலான பாதை உண்டு. குனிந்து, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வெளியே வரும்போதும் அப்படியே. இப்படி வலம் வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வெளியே நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.